அலமாரியா, டிரங்குப் பெட்டியா? கூர்நோக்கு இல்லத்து வாசிப்புக்கு எதைத் தேர்வது

ஊரில் உள்ள கூர்நோக்கு இல்லத்துக்கு, அதாவது வழக்கில் சிக்கிய சிறாரை விசாரணை முடியும்வரை தங்கவைக்கும் இடத்துக்கு, ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு வாசகர் வட்டம் கூடிப் பேசினால், முதல் ஐந்து நிமிடத்திலேயே தீர்மானம் நிறைவேறிவிடும். வீடு வீடாகப் புத்தகம் திரட்டுவோம், ஓர் அலமாரி வாங்குவோம், பெரிய அதிகாரி ஒருவரை அழைத்துத் திறந்து வைப்போம். கைத்தட்டல், தேநீர், கூட்டம் முடிந்தது. அந்தத் தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அலமாரியும் ஒரு வழிதான். ஆனால் வேறு சில வழிகளும் பல நாடுகளில் நடந்து வருகின்றன. நம்மிடம் பணமும் குறைவு, வாரம் தவறாமல் வரக்கூடிய ஆட்களும் குறைவு. எதில் போடுவது என்று யோசித்துத்தான் போட வேண்டும்.

முதலில், உள்ளே இருப்பவர்கள் யார்? 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் இளைஞர் நீதிச் சட்டம், 18 வயது நிரம்பாத ஒருவரைக் குற்றச்சாட்டில் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தச் சொல்கிறது. ஜாமீன் கொடுப்பதுதான் இந்தச் சட்டத்தில் வழக்கம். மறுப்பதற்குத்தான் காரணம் எழுத வேண்டும். ஜாமீன் மறுக்கப்பட்டவர்களும், கிடைத்தும் அழைத்துப்போக வீட்டிலிருந்து ஆள் வராதவர்களும் கூர்நோக்கு இல்லத்தில் இருப்பார்கள். விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். குற்றம் செய்தது உறுதியானால், சிறப்பு இல்லத்துக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் அனுப்பலாம்.

இந்த இரண்டு இல்லங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் திட்டங்கள் கெட்டுப்போகின்றன. கூர்நோக்கு இல்லம் ஆள் மாறிக்கொண்டே இருக்கிற இடம். போன வாரம் பார்த்த முகத்தை இந்த வாரம் பார்க்க முடியும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சிறப்பு இல்லத்தில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அதே பையன்கள் இருப்பார்கள். வேலூர், கடலூர், மதுரை, திருநெல்வேலி என்று பல ஊர்களில் இருப்பவை கூர்நோக்கு இல்லங்கள். பையன்களுக்கான சிறப்பு இல்லம் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது செங்கல்பட்டு. ஆக, பெரும்பாலான வாசகர் வட்டங்களுக்கு முன்னால் இருப்பது முதல் வகைதான்.

அதனால் எந்தத் திட்டத்தையும் ஒரே ஒரு கேள்வியால் சலித்துப் பார்க்கலாம் என்பது என் வாதம்: செவ்வாய்க்கிழமை உள்ளே வந்து, அடுத்த திங்கட்கிழமை ஜாமீனில் வெளியே போகிற 16 வயதுப் பையனுக்கு இதனால் என்ன கிடைக்கும்? இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் எட்டாம் வகுப்பிலோ ஒன்பதிலோ பள்ளியை விட்டவனாக இருக்கலாம். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், அது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதில் மிகக் கவனமாக இருப்பான். வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பையனாக இருந்தால் அவனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாமல் இருக்கலாம்.

இன்னொன்று, நாம் எதையோ தானம் செய்யப் போகிறோம் என்ற நினைப்பு வேண்டாம். 50 பிள்ளைகள் இருக்கும் இல்லத்தில் 500 சதுர அடியில் நூலகம் வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளே சொல்கின்றன. சுதந்திரம் பறிக்கப்பட்ட சிறாரைப் பற்றி ஐ.நா. 1990இல் ஏற்றுக்கொண்ட விதிகள், பாடநூல்களோடு பொழுதுபோக்கு நூல்களும் இதழ்களும் உள்ள நூலகம் ஒவ்வொரு நிலையத்திலும் வேண்டும் என்கின்றன. அதைப் பயன்படுத்தச் சிறாரை ஊக்கப்படுத்த வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கின்றன. அந்தப் பின்பாதியில்தான் நமக்கு வேலை.

அலமாரி

இதன் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை செலவு செய்தால் போதும். தினமும் ஆள் வர வேண்டாம். இரவு ஏழு மணிக்கு மேல் தொலைக்காட்சியும் அணைந்து தூக்கமும் வராத நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் புத்தகம் இருப்பது பெரிய விஷயம். வாரத்துக்கு ஒரு நாள் வருகிற எந்தத் தன்னார்வலரும் அந்த நேரத்தில் அங்கே இருக்க மாட்டார்.

ஆனால் நடப்பது வேறு. நான் பார்த்த ஓர் இல்லத்தில் நூலகம் என்பது அலுவலக அறையில், கண்காணிப்பாளரின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற இரும்பு பீரோ. சாவி எழுத்தரிடம் இருந்தது. அவர் அன்று விடுப்பு. மறுமுறை போனபோது திறந்து காட்டினார்கள். மேல் தட்டில் பழைய போட்டித் தேர்வு வழிகாட்டிகள், அதற்குக் கீழே ஒரு வங்கி அச்சடித்து விநியோகித்த ஆண்டு மலர்கள், கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு கொடுத்த பக்திப் பாடல் தொகுப்புகள், வெற்றிக்கு வழி சொல்லும் நூல்கள் ஒரு வரிசை. கீழ்த் தட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத கலைக்களஞ்சியம், ஆங்கிலத்தில். யாரையும் குறை சொல்வதற்கில்லை. வீட்டில் தேவைப்படாததைத்தான் மனிதர்கள் நன்கொடையாகக் கொடுக்கிறார்கள். திரட்டப்போன நாமாவது எடுக்கும் இடத்திலேயே பாதியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். சங்கடப்பட்டுக்கொண்டு வாங்கி வந்துவிடுகிறோம்.

அலமாரியைச் சரியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ரெஜினால்ட் டுவெய்ன் பெட்ஸ் என்ற கவிஞர், 1996இல் தன் 16ஆவது வயதில் கார் பறித்த வழக்கில் பெரியவர்களுக்கான சிறைக்குப் போனவர். எட்டு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார். தனிமைச் சிறையில் இருந்தபோது, யாரென்றே தெரியாத ஒருவர் கதவின் அடியில் தள்ளிவிட்ட கறுப்பினக் கவிதைத் தொகுப்பு ஒன்றுதான் தன்னைக் கவிஞனாக்கியது என்று சொல்லிவருகிறார். பின்னாளில் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, 2020இல் ‘ஃப்ரீடம் ரீட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஒவ்வொரு நூலகத்திலும் 500 நூல்கள், தச்சர்கள் கையால் செய்த வளைந்த மர அடுக்குகள். அவற்றைத் தனி அறையில் வைத்துப் பூட்டுவதில்லை. கைதிகள் தங்கும் பகுதியிலேயே, நடந்துபோகும்போது கை படுகிற இடத்தில் வைக்கிறார்கள்.

அந்த அடுக்கின் சூட்சுமம் மரத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ஆகவே உங்கள் வட்டம் அலமாரிதான் என்று பிடிவாதமாக இருந்தால், பணம் தருவதற்கு முன் இரண்டு நிபந்தனை வையுங்கள். கதவும் பூட்டும் இல்லாத திறந்த அடுக்காக, பையன்கள் படுக்கும் கூடத்தில் நிற்க வேண்டும். தொலைந்துபோன நூலுக்கு யாரிடமும் விளக்கம் கேட்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனைக்கு அரசு அலுவலகத்தில் ஒத்துக்கொள்வது கடினம். பதிவேட்டில் ஏறிய பொருள் குறைந்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்ற பயம் நியாயமானது; பீரோவைப் பூட்ட வைப்பதும் அந்தப் பயம்தான். அதற்கு ஒரு வழி உண்டு: நூல்களை இல்லத்துக்கு நன்கொடையாக எழுதிக் கொடுக்காதீர்கள். வட்டத்தின் சொத்தாகவே இருக்கட்டும், அங்கே வைத்திருப்பதாக மட்டும் கடிதம் கொடுங்கள். தொலைந்தால் நம் கணக்கு.

செவ்வாய்க்கிழமைப் பையனுக்கு அலமாரியால் என்ன கிடைக்கும்? சரளமாக வாசிக்கத் தெரிந்தவனாக இருந்தால் ஒரு துணை கிடைக்கும். தெரியாதவனாக இருந்தால், அது சுவரோரம் நிற்கும் இன்னொரு தட்டுமுட்டுச் சாமான்.

டிரங்குப் பெட்டி

இரண்டாவது வழி, புத்தகத்தோடு ஆளும் வருவது. வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், ஒரு நூலகரோ தன்னார்வலரோ நாற்பது ஐம்பது நூல்களோடு வந்து தரையில் பரப்பி உட்கார்வது. போன வாரம் எடுத்ததைத் திருப்பித் தரலாம், புதிதாக எடுக்கலாம், கேட்டதை அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லலாம். நமக்கு இது புதிதல்ல. மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து 1931லேயே மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள்.

சிறார் காவல் இல்லத்தில் இதை முழுநேர வேலையாகவே செய்தவர்களில் பெயர் பெற்றவர் கலிஃபோர்னியாவின் அலமேடா மாவட்டத்து நூலகர் ஏமி செனி. அந்த மாவட்டப் பொது நூலகத்தின் சார்பில் சிறார் காவல் இல்லத்துக்குள் நூலகம் நடத்தியவர். அவருடைய அனுபவத்திலிருந்து கிளைத்ததுதான் ‘இன் த மார்ஜின்ஸ்’ என்ற விருது: அடைபட்ட இடங்களில், தெருவில், விளிம்பில் வாழும் பதின்வயதினர் விரும்பி வாசிக்கக்கூடிய நூல்களைத் தேடிப் பட்டியலிடும் ஏற்பாடு. பெரியவர்கள் ‘இவர்களுக்கு இது நல்லது’ என்று முடிவு செய்த பட்டியலுக்கும், பையன்கள் கை நீட்டும் பட்டியலுக்கும் உள்ள தூரத்தை ஒரு நூலகர் வாராவாரம் கண்ணால் பார்த்ததன் விளைவு அது.

பெட்டி முறையின் பெரிய பலம் இந்தப் பார்வைதான். பெட்டியைத் திறந்ததும் கை எங்கே போகிறது என்று கவனித்தால் போதும். அடுத்த வாரப் பட்டியல் தானாக எழுதப்பட்டுவிடும். பேய்க் கதைகளுக்கு எப்போதும் முதலிடம். காமிக்ஸ் அடுத்தது, சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்துகொண்டிருக்கும் முத்து காமிக்ஸின் பழைய இதழ் ஒன்று கிடைத்தால் நான்கு தலைகள் ஒரே பக்கத்தின் மேல் கவிழும். இரு சக்கர வாகனப் பழுதுநீக்கம், செல்போன் பழுதுநீக்கம், சமையல். ஓட்டுநர் உரிமம் எடுப்பதற்கான சாலைக் குறியீடுகள் புத்தகத்தை ஒருவன் அரை மணி நேரம் விடாமல் பார்த்தான். எதற்காக உள்ளே வந்தான் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. நீதிக்கதைகள் பெட்டியின் அடியிலேயே கிடக்கும். அறிவுரை அவர்களுக்கு ஏற்கெனவே நிறையக் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

தட்டுத்தடுமாறி வாசிப்பவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதுதான் கஷ்டமான கேள்வி. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்து வெளியிட்ட சின்னச் சின்னப் புத்தகங்கள் நல்ல உதவி. சில பக்கங்களில் முடிந்துவிடும், வாசித்து முடித்தோம் என்ற நிறைவு உடனே கிடைக்கும். ஆனால் மீசை அரும்பிய பையன் அட்டையில் முயலும் யானையும் உள்ள புத்தகத்தை மற்றவர்கள் முன்னால் எடுக்க மாட்டான். இதற்கு ஒரு சின்ன உபாயம்: “வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்குச் சொல்லிக்காட்ட இதை எடுத்துப் போகலாம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் இரண்டு குறைந்திருக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இந்தி, வங்காளம், ஒடியா, தெலுங்குக் கதைகளைக் காசில்லாமல் தரவிறக்கி அச்செடுக்கலாம். தமிழ் தெரியாத பையனுக்குத் தன் மொழி எழுத்தை அந்த இடத்தில் பார்ப்பதே போதும்.

பலவீனம், ஆள். ஒரே நூலகர் கதவைத் திறந்து, கூட்டி, பதிவேடு எழுதி, கதவை மூடுகிற கிளை நூலகங்கள்தான் நம்மிடம் அதிகம். அவரை வாராவாரம் வெளியே அனுப்பு என்று மாவட்ட நூலக அலுவலரிடம் கேட்டால் கிடைக்கிற பதில் தெரிந்ததே. வாசகர் வட்டத்தில் நான்கு பேர் முறை வைத்துக்கொண்டால்தான் ஓடும். ‘முடிந்தபோது வருகிறோம்’ என்பவர்கள் தொடங்கவே வேண்டாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களின் பட்டியல் அந்தப் பையன்களிடம் ஏற்கெனவே நீளமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமைப் பையன் இங்கே தேறுகிறான். ஒரு பெட்டி நாள் அவன் கண்ணில் பட்டுவிடும், ஒரு புத்தகம் அவன் கையில் இருக்கும். அவன் திங்கட்கிழமை போகும்போது அது அவனோடு போகட்டும். அதை இழப்பு என்று எழுதாதீர்கள். ஒரு நூல் சராசரி 100 ரூபாய் என்று வைத்தாலும், மாதம் 15 நூல் வெளியே போனால் 1,500 ரூபாய். ஓர் அலமாரித் திறப்பு விழாவின் பந்தல் செலவுகூட ஆகாது. ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த நூல் எதிலும் இல்லத்தின் முத்திரை இருக்கக் கூடாது. இந்தச் சட்டத்தில், உரிய காலம் கழிந்ததும் பையனின் வழக்குப் பதிவுகளையே பொதுவாக அழித்துவிட வேண்டும். பழையது அவனைத் துரத்தக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி. வீட்டு அலமாரியில் இருக்கிற புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘அரசு கூர்நோக்கு இல்லம்’ என்று ஊதா மையில் குத்தியிருந்தால் அந்த ஏற்பாட்டுக்கு என்ன அர்த்தம்?

வட்டமாக உட்கார்ந்து வாசிப்பது

மூன்றாவது, எல்லோரும் ஒரே நூலை வாசித்துப் பேசுவது. பெயர் பெற்ற திட்டங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அமெரிக்க நூலகச் சங்கத்தின் ‘கிரேட் ஸ்டோரீஸ் கிளப்’ பொது நூலகங்களைச் சிறார் காவல் இல்லங்களோடு இணைக்கிறது. நூலின் பிரதி பையனுக்கே சொந்தம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ காஃப்மன் 2010இல் தொடங்கிய திட்டத்தில், ரஷ்ய இலக்கியம் படிக்கும் கல்லூரி மாணவர்கள் சிறார் சீர்திருத்த நிலையத்துக்குப் போய் அங்கிருக்கும் பையன்களோடு அதே கதைகளை விவாதிக்கிறார்கள். மாசசூசெட்ஸில் 1991இல் பேராசிரியர் ராபர்ட் வேக்ஸ்லரும் நீதிபதி ராபர்ட் கேனும் தொடங்கிய ‘சேஞ்சிங் லைவ்ஸ் த்ரூ லிட்டரேச்சர்’ இன்னும் ஒரு படி மேலே போனது: சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து நாவல்களைப் பேச, நன்னடத்தை அலுவலரும் நீதிபதியும் அதே மேசையில் உட்கார்ந்தார்கள். அது பெரியவர்களுக்காகத் தொடங்கியது. இருந்தாலும் தீர்ப்புச் சொல்கிறவரும் சொல்லப்பட்டவரும் ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிச் சமமாக வாதம் செய்வது என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும். நம் ஊரில் இளைஞர் நீதிக் குழும உறுப்பினர் ஒருவர் அப்படி வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவ்வப்போது யோசிப்பதுண்டு.

ஆசை இருந்தாலும், இந்த வடிவத்தை அப்படியே கூர்நோக்கு இல்லத்துக்குக் கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆறு வாரத்தில் ஒரு நாவல் என்று திட்டமிட்டால், முதல் வாரம் இருந்தவர்களில் எத்தனை பேர் ஆறாம் வாரம் இருப்பார்கள்? நடுவில் வருகிறவனுக்குக் கதை புரியாது; நடுவில் போகிறவனுக்கு முடிவு தெரியாது. வீட்டில் வாசித்துவிட்டு வா என்பது வாசிக்கத் தெரியாதவனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைப்பதற்குச் சமம்.

ஆனால் இதை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கினால் கதை மாறுகிறது. ஒரே அமர்வில் முடிகிற சிறுகதை. வந்தவர் வாய்விட்டு வாசிக்கிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். பிரதி கையில் வேண்டுமானால் கொடுக்கலாம், வேண்டாமென்றால் வேண்டாம். யாருக்கு வாசிக்கத் தெரியும், தெரியாது என்ற பேச்சே எழாது. கதை சொல்லிக் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. வில்லுப்பாட்டும் கூத்தும் பார்த்த பையன்களுக்கு உட்கார்ந்து கேட்கும் பழக்கம் இருக்கிறது. கரிசல்காட்டுக் கதைகள், நாட்டார் கதைகள், சென்னைக் குடிசைப் பகுதிகளை எழுதியவர்களின் கதைகள் எல்லாம் வாய்விட்டு வாசித்தால்தான் முழுசாகக் கேட்கும். வாசித்து முடித்ததும் ‘இந்தக் கதையின் நீதி என்ன’ என்று கேட்காமல் இருக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ‘இவன் இடத்தில் இருந்தால் கதவைத் திறந்திருப்பாயா?’ என்று கேட்டால் கூடம் இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். நீதி என்ன என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள்.

எழுத வைப்பது

வாஷிங்டனில் பத்திரிகைத் துறையில் இருந்த டாரா லிபர்ட்டும் கெல்லி டெய்லரும் 2002இல் தொடங்கிய ‘ஃப்ரீ மைண்ட்ஸ்’, பெரியவர்களைப் போல வழக்குத் தொடரப்பட்டு நகரச் சிறையில் இருந்த 16, 17 வயதுப் பையன்களுக்கான வாசிப்பு, கவிதைக் குழு. நான் அதில் மெச்சுவது கவிதையை மட்டும் அல்ல. பையன் தொலைதூரச் சிறைக்கு மாற்றப்பட்ட பிறகும் அவனுக்குப் புத்தகமும் கடிதமும் பிறந்தநாள் வாழ்த்தும் போய்க்கொண்டே இருக்கும். வெளியே வந்ததும் வேலை தேட உதவுவார்கள். வட்டம் கலையாது.

எழுத்துப் பயிற்சியின் வலிமையை மறுக்கவில்லை. ஆனால் கூர்நோக்கு இல்லத்தில் இருப்பவனின் வழக்கு இன்னும் முடியவில்லை. ‘உன் வாழ்க்கையில் மறக்க முடியாத நாளைப் பற்றி எழுது’ என்று ஒரு நல்ல மனதுக்காரர் சொல்ல, அவனும் நம்பி, அன்று இரவு யார் யாரோடு போனான், என்ன நடந்தது என்று எழுதிவிட்டால்? அந்த நோட்டு மேசை இழுப்பறையில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். விசாரணை நடந்துகொண்டிருக்கும் பையனிடம் சொந்தக் கதை கேட்பது அவனுக்குக் கெடுதல். சிறப்பு இல்லத்தில், வழக்கு முடிந்த பிறகு, தாராளமாக எழுதட்டும். இங்கே எழுத வைத்தே ஆக வேண்டும் என்றால் கற்பனைக் கதை, விடுகதை, பாட்டுக்குப் பாட்டு, காமிக்ஸ் கட்டத்துக்கு வசனம். கம்பிச்சுருள் நோட்டுக்கும் ஸ்டேப்ளர் முள்ளுக்கும் வாசலிலேயே தடை இருக்கும். நூல் வைத்துத் தைத்த நோட்டாக வாங்கிப் போங்கள்.

பரிசும் தண்டனையும்

‘ஐந்து புத்தகம் வாசித்தால் ஒரு சலுகை’ என்ற யோசனையை யாராவது ஒருவர் கட்டாயம் எடுத்து வருவார். பிரேசிலில் பெரியவர்களின் சிறைகளில் அது சட்டப்படியே நடக்கிறது: ஒரு நூலை வாசித்து அதைப் பற்றி எழுதிக் காட்டினால் தண்டனையில் நான்கு நாள் கழியும், ஆண்டுக்கு 12 நூல் வரை, அதாவது 48 நாள். வர்ஜீனியாவில் 2016இல் பழைய கறுப்பினப் பள்ளிக் கட்டடம் ஒன்றில் இனவெறிக் குறியீடுகளைக் கிறுக்கிய பதின்வயதினருக்கு, மாதம் ஒரு நூல் வீதம் ஓராண்டு வாசித்துக் கட்டுரை எழுதும்படி உத்தரவானது. அந்தச் செயலுக்கு அது பொருத்தமான பதில் என்றே நினைக்கிறேன். என்ன செய்தோம் என்பது தெரியாமல் செய்தவர்களுக்கு அதைத் தெரியவைக்கிற வழி. ஆனால் அது ஒரு வழக்குக்கு ஒரு நீதிமன்றம் அளந்து கொடுத்தது. ஓர் இல்லத்தின் தினசரி நடைமுறையாக்கினால், சரளமாக வாசிக்கிறவனுக்குச் சலுகையும் திக்கி வாசிக்கிறவனுக்கு இன்னொரு தோல்வியும் என்றுதான் முடியும். அதைவிட மோசம், ஒழுங்கு மீறினால் புத்தகத்தைப் பிடுங்குவது. முதல் சந்திப்பிலேயே கண்காணிப்பாளரிடம் இதை மட்டும் தெளிவாகப் பேசிவிட வேண்டும்: எந்தக் காரணத்துக்காகவும் பெட்டி நாளும் புத்தகமும் தண்டனையாக நிறுத்தப்படக் கூடாது.

டேப்லெட்டில் மின்னூல் தரலாமே என்பவர்களுக்கு: சார்ஜர், பூட்டு, பழுது, இணையம் இருக்கிறதா என்ற சந்தேகம் என்று ஒவ்வொன்றும் காவலர் தலையில் விழும். அவர் மூன்றாம் வாரத்தில் அதையும் பீரோவில் வைத்துப் பூட்டுவார். கேட்டுக்கொண்டே போகிற ஒலி நூலுக்கு ஒரு சாதாரண ஒலிபெருக்கி போதும்.

ஆக, எதைத் தேர்வது

உங்கள் ஊரில் இருப்பது கூர்நோக்கு இல்லம் என்றால், பெட்டியும் வாய்விட்டு வாசிப்பதும் சேர்ந்த ஒரே அமர்வு என்பதே என் தேர்வு. முதல் அரை மணி நேரம் கதை, அடுத்த அரை மணி நேரம் பெட்டி. அலமாரிக்கு ஒதுக்கிய பணத்தை நூலுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் மாற்றுங்கள். ஆறு மாதம் தடையில்லாமல் நடந்த பிறகு திறந்த அடுக்கு ஒன்றை வைக்கலாம். எந்த நூல்கள் அதில் இருக்க வேண்டும் என்று அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சிறப்பு இல்லம் என்றால் கணக்கு வேறு. அங்கே வாசிப்பு வட்டம், நாவல், எழுத்து எல்லாமே பொருந்தும். பையன்களில் இருவரையே நூலகப் பொறுப்பாளர்களாக்கலாம். பெண் பிள்ளைகளின் இல்லங்களில் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும். மூன்று நான்கு பேரை வட்டமாக உட்கார வைத்து விவாதிக்கச் சொன்னால் அது விசாரணை போல ஆகிவிடும். அங்கே பெட்டி மட்டும் போதும். போகிறவரும் பெண்ணாக இருப்பது நல்லது.

வாரம் தவறாமல் வெளியாட்கள் வந்துபோவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. அது அலமாரியால் ஒருபோதும் கிடைக்காது. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்த பிறகு, இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. மூடிய கதவுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்விக்குச் சட்டப்படி ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் அவை வருவதற்கு முன் தகவல் வந்துவிடும். புத்தகப் பெட்டியோடு வருகிறவர் உளவு பார்க்க வரவில்லை, அப்படி நடந்துகொண்டால் மறுவாரம் உள்ளே விட மாட்டார்கள். இருந்தாலும் போன வாரம் சிரித்த பையன் இந்த வாரம் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தால் கண்ணில் படாமல் போகாது. பட்டால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதமும் அவர்கள் வழியாகத்தான் நகரும்.

புகைப்படம் வேண்டாம். முதுகுப்பக்கம் எடுத்தது, முகத்தை மங்கலாக்கியது, எதுவும் வேண்டாம். அடையாளம் தெரியும்படி எதையாவது வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வெளியிடுவதுதான்.

கடைசியாக, வெளியே போகிறவனின் கையில் புத்தகத்தோடு ஒரு துண்டுச் சீட்டும் போகட்டும்: அவன் வீட்டுக்கு அருகில் உள்ள கிளை நூலகம் அல்லது ஊர்ப்புற நூலகத்தின் இடம், திறந்திருக்கும் நேரம். உறுப்பினராக முகவரிச் சான்றும் காப்புத்தொகையும் கேட்பார்கள். தொகையை வட்டம் கட்டிவிடலாம். 1,000 ரூபாய் கொடுத்து நூலகப் புரவலராகச் சேர்கிற அன்பர்களிடம் இதற்கும் கொஞ்சம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். முகவரிச் சான்று இல்லாத பையன்களுக்கு என்ன செய்வது என்பதை அந்தந்த ஊர் நூலகரிடம் நேரில் போய்ப் பேசித்தான் தீர்க்க வேண்டும். பேசும்போது பையன் எங்கிருந்து வருகிறான் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் வட்டத்து வாசகர் என்று சொன்னால் போதும்.